கென்யா ஊழியத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு

எங்கள் சபையிலிருந்து மருத்துவ முகாமுக்காகக் கென்யாவின் கிசுமு பக்கம் போகிற குழுவுக்குப் பெட்டி பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. ஓய்வுபெற்ற நர்ஸ் நான். கொக்கித் தராசும் என் வீட்டில்தான் இருக்கிறது. எதைக் கட்டுவதற்கு முன்னாலும், நம்மை அழைத்திருக்கிற போதகருக்கும் மருத்துவமனைக்கும் வாட்ஸ்அப் போட்டு, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பெட்டியைத் திறந்தால் போதும்.

பழைய துணி மட்டும் வேண்டவே வேண்டாம். நைரோபியின் கிகோம்பா சந்தையில் உலகத்துப் பழைய துணியெல்லாம் குவிந்து கிடக்கிறது. அங்கே நம் மூட்டையும் எதற்கு?

அடுத்தது மருந்து. மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் ஆசையாக எடுத்துக் கொடுப்பார்கள். வாங்குமுன் தேதியைப் பாருங்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடம் பாக்கி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். டாக்டர்களுக்கு வந்த சாம்பிள் அட்டைகளையும் யாரோ சாப்பிட்டு மீதி வைத்ததையும் அது ஏற்காது. கென்யாவுக்குள் மருந்து கொண்டுபோக அந்நாட்டு பார்மசி அண்ட் பாய்சன்ஸ் போர்டின் அனுமதியும் வேண்டும். அதை அங்குள்ள மருத்துவமனை முன்கூட்டியே வாங்கி அனுப்ப வேண்டும். காகிதம் வரவில்லையா, மருந்துப் பெட்டி ஊரிலேயே இருக்கட்டும். பணமாகக் கொடுத்தால் அவர்களே அங்கே வாங்கிக்கொள்வார்கள். உங்கள் சொந்த சுகர், பிரஷர் மாத்திரை வேறு கதை: அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில்.

பிரஷர் பார்க்கும் கருவியில் பாதரசம் வைத்ததை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். டயல் வைத்ததை எடுங்கள். பல்பின் திருகைத் தளர்த்திக் காற்றை முழுக்க வெளியேற்றி, துணிப்பட்டையால் டயலைச் சுற்றி, ஒரு நைட்டிக்குள் உருட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் அடிபட்டு முள் பூஜ்யத்திலிருந்து நகர்ந்துவிடும். அப்புறம் முகாமுக்கு வருகிற எல்லோருக்கும் பிரஷர் தப்பாகத்தான் காட்டும். சுகர் ஸ்ட்ரிப் டப்பாவை மூடி இறுக்கிக் கைப்பையில் வையுங்கள். ஈரம் பட்டால் அளவு கெட்டுவிடும். கத்தரிக்கோலும் ஊசியும் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

இனி பிளாஸ்டிக். செருப்பிலிருந்து சீப்பு வரை கேரி பேக்கில் சுற்றித்தானே நமக்குப் பழக்கம். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது; ட்யூட்டி ஃப்ரீ கடைப் பையைக்கூட விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். வீட்டில் கிடக்கிற மஞ்சப்பைகளைத் தேடி எடுங்கள். அழுக்குத் துணிக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று.

ஆப்பிரிக்கா என்றதும் வெயில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. நைரோபி சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் விடிகாலைக் குளிருக்குப் பல் கிட்டும். ஸ்வெட்டரைக் கைப்பையில் வையுங்கள். விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு தாழ்வான இடம், புழுக்கம், கொசு. முழுக்கைப் பருத்திச் சட்டையும் கொசுவலையும் அங்கே வேண்டும். வாலிபத் தம்பிகளே, ராணுவ டிசைன் பேன்ட் வேண்டாம். அங்கே சாதாரண ஜனங்கள் அதைப் போடக்கூடாது. பெண்களுக்கு முகாமுக்குச் சுடிதார், ஞாயிறு ஆராதனைக்கு ஒரு சேலை.

சாப்பாட்டுக்காகப் பெட்டியில் பாதியை ஒதுக்காதீர்கள். அங்கேயும் சப்பாத்தி சுடுகிறார்கள், பயறும் கீரையும் உண்டு. உகாலி நம் களி மாதிரிதான், மக்காச்சோள மாவில் கிண்டியது. பருப்புப்பொடி ஒரு டப்பா, செக்-இன் பெட்டியில் ஊறுகாய் ஒரு பாட்டில், போதும். கொப்பரைத் தேங்காய் சீக்கிரம் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் விடமாட்டார்கள். பிளக் அங்கே இங்கிலாந்து மாதிரி மூன்று சதுர முள். ஆளுக்கொரு அடாப்டர் தேவையில்லை. ஓர் அடாப்டரும் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் இருந்தால் அறையிலுள்ள எல்லோரும் போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம்.

பாஸ்போர்ட்டோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் இருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அட்டை இல்லாமல் திரும்பினால் நம் நாட்டிலேயே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

எடை விஷயத்தில் டிக்கெட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு. நைரோபியிலிருந்து கிசுமுவுக்கு உள்நாட்டு விமானம் என்றால் அந்த டிக்கெட்டையும் தனியே பாருங்கள். அனுமதி குறைவாக இருக்கலாம். 23 கிலோ என்றால் நான் 22-இல் நிறுத்திவிடுவேன். ஜோடி ஜோடியாகப் பிரித்து, உங்கள் உடுப்பில் இரண்டு செட் துணையின் பெட்டியிலும் அவருடையது உங்கள் பெட்டியிலும் இருக்கட்டும். ஒரு பெட்டி வராமல் போனாலும் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். முகாம் சாமான் உள்ள பெட்டியில் பொருள் பட்டியலும் அழைப்புக் கடித நகலும் மேலாக இருக்க வேண்டும். அவற்றின் இன்னொரு பிரதி உங்கள் கையில்.

மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், திரும்பி வந்தும் நாலு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். அதனால் அங்கே தங்கும் நாளுக்கு மட்டும் எண்ணி வாங்காமல், அந்த நாலு வாரத்துக்கும் சேர்த்து இங்கேயே வாங்கிவிடுங்கள்.