இதயத்தின் உள் வேறுபாடுகள் வெட்டில் சிதையாமல் பார்ப்பது எப்படி

டிசெக்‌ஷன் ஹாலில் இதயத்தைத் திறக்கும்போது கண்ணில் படாமல் போகிற, ஆளுக்கு ஆள் மாறும் அமைப்பு வேறுபாடுகளில் பல, உண்மையில் கத்தரியில் சிக்கி அறுந்தவைதான். அதனால் எங்கே வெட்டுவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஃபார்மலினில் இருந்த இதயத்தை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். மழுங்கிய முனைக் கத்தரி, 2 மி.மீ. மழுங்கல் புரோப், 20 மி.லி. சிரிஞ்ச், சிறிய டார்ச், அளவுகோல், இதயம் முழுவதும் மூழ்குகிற ட்ரே ஆகியவை போதும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். வெட்டிய பிறகு பழைய நிலையைக் காட்ட வேறு வழியில்லை.

வலது ஏட்ரியத்தில் (வலது மேலறை) தொடங்குங்கள். கீழ்ப்பெருஞ்சிரையின் வாயில் கத்தரியை நுழைத்து, வெளிப்பக்கச் சுவர் வழியாக ஆரிக்கிள் (ஏட்ரியத்தின் காது போன்ற நீட்சி) நுனியை நோக்கி வெட்ட வேண்டும். வாயின் முன்விளிம்பைத் தொடாதீர்கள், மெல்லிய மடிப்பான யூஸ்டேகியன் வால்வு இருப்பது அங்கேதான். மேற்பெருஞ்சிரை சேருமிடத்தில் இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஏ. நோடு இருப்பதால் அந்தப் பக்கமும் போக வேண்டாம்.

இரண்டு மூன்று செ.மீ. வெட்டியதும் நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உறைந்த இரத்தம் இருந்தால் ஃபோர்செப்ஸால் பிடுங்காதீர்கள். இதயத்தை ட்ரே தண்ணீரில் மூழ்கவைத்து, சிரிஞ்சால் மெதுவாகப் பீய்ச்சுங்கள். உறைகட்டி மெல்ல உதிரும். சுவரோடு ஒட்டிய வலைபோன்ற கியாரி வலை இருந்தால் அதன் இழைகள் மிதந்து விரியும். ஆனால் இரு முனையும் சுவரைவிட்டு வராது. ஹான்ஸ் கியாரி 1897இல் விவரித்த இந்த வலை நூறில் இரண்டு மூன்று பேரிடம் காணப்படுகிறது. கருவில் இருந்த வால்வு முழுதாக மறையாமல் தங்கியதே இது. எக்கோ என்ற அல்ட்ராசவுண்டு பரிசோதனையில் அலைபாயும் இந்த இழைகளை இரத்தக்கட்டி என்று எண்ணிவிடுவது உண்டு. அதனால் இழை எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது என்பதைக் கட்டாயம் குறித்துவையுங்கள்.

அடுத்து, இதயத் தசையின் சிரை இரத்தம் வலது ஏட்ரியத்தில் சேரும் கொரோனரி சைனஸ் வாய். அதைக் காக்கும் தெபீசியன் வால்வு சிலரிடம் இருக்காது, சிலரிடம் பிறை போலிருக்கும், சிலரிடம் சல்லடையாக வாயை மறைக்கும். பேஸ்மேக்கர் லீடை இந்த வழியாகச் செலுத்துபவர்களுக்குப் பெரிய வால்வு தடையாகிறது.

இரு ஏட்ரியங்களுக்கும் நடுவிலுள்ள சுவரின் குழியான ஃபாஸா ஒவாலிஸில் அவசரப்படவே கூடாது. நடுவில் இருக்கும் மெல்லிய தாளில் புரோப்பை அழுத்தினால் அது கிழியும். பிறகு அதை ஓட்டை என்று எழுதிவைப்போம், அப்படி ஓட்டையே இருந்திருக்காது. மேல்-முன் விளிம்பின் தடித்த ஓரத்தைக் கண்டுபிடித்து, அதன் அடியில் புரோப்பைச் சாய்வாக, மேலும் முன்னுமாக நகர்த்துங்கள். தள்ளாமலே இடது ஏட்ரியத்தில் முனை எட்டிப் பார்த்தால் கருவில் இரு ஏட்ரியங்களையும் இணைத்த ஃபோரமன் ஒவேல் திறப்பு மூடவில்லை என்று பொருள். இரு தாள்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் டார்ச் வெளிச்சம் நேராகக் கடக்காது. நேராகக் கடந்தால் அது ஏ.எஸ்.டி. (ஏட்ரியங்களின் நடுச்சுவரில் உண்மையான ஓட்டை) ஆக இருக்கலாம். மேயோ கிளினிக்கில் 965 இதயங்களை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட முடிவில் 27.3 சதவீதத்தில் ஃபோரமன் ஒவேல் திறந்திருந்தது. நால்வரில் ஒருவருக்கு இருப்பதை நோய் என்று குறிக்காதீர்கள்.

இடது ஏட்ரியத்தைப் பின்புறமாகத் திறப்பதற்கு முன் நுரையீரல் சிரைகளை எண்ணுங்கள். வழக்கம் நான்கு. இடப்பக்க இரண்டும் ஒரே வாயாகச் சேர்ந்திருக்கலாம், வலப்பக்கம் மூன்றாவதும் இருக்கலாம்.

வலது வென்ட்ரிக்கிளை (கீழறை) அதன் கூர்விளிம்பு வழியாகத் திறந்தபின் முன்சுவரைச் சற்றே தூக்கிப் பாருங்கள். செப்டத்திலிருந்து (நடுச்சுவர்) முன் பாப்பில்லரி தசையின் (வால்வை இழுத்துப் பிடிக்கும் தசை) அடிக்குச் செல்லும் மாடரேட்டர் பேண்ட் என்ற தசைப்பட்டையின் தடிப்பு ஆளுக்கு ஆள் மாறும். துடிப்பின் மின்தூண்டலைக் கடத்தும் வலது பண்டில் கிளை இதன் வழியாகச் செல்கிறது. பல்மோனரி (நுரையீரல் தமனி) பக்க வெட்டை முதலிலேயே போட்டால் இது அறுந்துவிடும்.

இடது வென்ட்ரிக்கிளை வெட்டுமுன் இடது ஏட்ரியத்திலிருந்து வரும் மைட்ரல் வாய் வழியாக டார்ச் அடியுங்கள். குறுக்கே நூலாக ஏதேனும் தெரிந்தால் இரு முனையையும் புரோப்பால் தொடருங்கள். வால்வு இதழில் போய் முடிந்தால் அது வால்வைப் பிடிக்கும் நாணான கோர்டா. சுவரிலோ பாப்பில்லரி தசையிலோ மட்டும் முடிந்தால் ஃபால்ஸ் டெண்டன். அதன் நீளம், தடிப்பு, ஒட்டுமிடம் ஆகியவற்றைக் குறித்த பிறகே இரு பாப்பில்லரி தசைகளுக்கும் நடுவே வெட்டுங்கள்.