தூத்துக்குடி: வெயிலறிந்து பார்க்கவும் குடியேறவும் ஒரு வழிகாட்டி

தூத்துக்குடிக்குச் சுற்றுலா வருகிறவர்களில் பலர், காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்துக்கொண்டு பத்து மணிக்கு மேல் கடற்கரைக்குப் போய், பதினொன்றரைக்குத் தலைவலியோடு அறைக்குத் திரும்பி, இந்த ஊரில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. உப்பு விளைவதும் கருவாடு காய்வதும் வெயிலால்தான். கடைவீதி மதியம் அடங்கி மாலையில் கலகலப்பாவதும் அதனால்தான். ஆகவே இங்கே வருவதானாலும் வசிப்பதானாலும் முதலில் செய்ய வேண்டியது, நாளையும் ஆண்டையும் வெயிலின் கணக்கில் பிரித்துக்கொள்வது.

ஆண்டுக் கணக்கை முதலில் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக வரும் காற்று மட்டுமே இங்கு வந்து சேர்கிறது. ஈரம் மலைக்கு அந்தப் பக்கமே இறங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்தான், அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. எனவே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் மிகச் சிறந்தவை: வெயில் இருக்கும், ஆனால் கடிக்காது. ஏப்ரல், மே மாதங்களை முடிந்தவரை தவிர்க்கலாம். மீனுக்காகவே வருகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். பனிமய மாதா திருவிழாவைக் காண விரும்புகிறவர்கள் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரையான நாட்களில் வரலாம். அப்போது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, புழுதியை வாரி இறைக்கும் என்பதால் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும், அறைக்கு முன்கூட்டியே ஒரு பதிவும் அவசியம்.

சென்னையிலிருந்து வருவதற்கு, மாலையில் எழும்பூரில் புறப்படும் முத்துநகர் விரைவு ரயிலே என் பரிந்துரை. வாகைக்குளத்தில் விமான நிலையமும் இருக்கிறது. அதன் புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆனால் ரயிலில் வருவதன் உண்மையான ஆதாயம் அது காலையிலேயே ஊரில் இறக்கிவிடுவதுதான். கிழக்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் கடலுக்குள்ளிருந்தே எழும். ஒருநாள் விடியுமுன் எழுந்து முத்துநகர் கடற்கரைக்கோ ரோச் பூங்காப் பக்கமோ போய் நின்றால், தோணிகளும் படகுகளும் கருநிழலாகத் தெரிய, பின்னால் கடல் செம்பு நிறமாக மாறுவதைக் காணலாம். அலை அடித்து ஆர்ப்பரிக்கும் கடலை எதிர்பார்த்து வராதீர்கள். மன்னார் வளைகுடாவில் ஆழம் குறைவு. வெளியே பவளப்பாறைகளும் தீவுகளும் அலையைத் தடுத்துவிடுவதால், பல நாட்களில் இங்குள்ள கடல் ஏரியைப் போலவே கிடக்கும். வான் தீவு, காரைச்சல்லி போன்ற அத்தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, பொதுமக்கள் இறங்க அனுமதியில்லை. யாராவது படகில் கூட்டிப்போவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். துறைமுகத்தை ஒட்டியுள்ள முயல் தீவு வேறு, அதற்குத் தரைவழியாகவே போகலாம்.

இரண்டாம் நாள் காலையை உப்பளத்துக்கு ஒதுக்குங்கள். முள்ளக்காடு, முத்தையாபுரம் பக்கம் திருச்செந்தூர் சாலையிலும், தருவைகுளம், வேப்பலோடை பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்திருக்கின்றன. அவை தனியார் நிலங்கள். சாலையோரம் நின்று பார்ப்பதற்குத் தடையில்லை, உள்ளே இறங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்ட விடுகிறார்கள். கடைசிப் பாத்தியில் முதலில் மெல்லிய ஆடை போல ஒரு படலம் மிதக்கும். பிறகு அது கனத்து அடியில் படிந்து, மிதித்தால் நெறுநெறுவென்று நொறுங்கும் பருமனுக்கு வரும். தொழிலாளர்கள் நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் அதை வாரி வரப்பில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். அவர்கள் இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுவதற்குக் காரணம், வெயில் ஏறினால் வெண்மையான பாத்தி கண்ணைக் கூசச் செய்யும் என்பதுதான். காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் நின்று பார்த்த எனக்கே, திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கதவு எது சுவர் எது என்று தெரியச் சற்று நேரம் பிடித்தது. மழைக்காலத்தில் இந்த வேலை நின்றுவிடும். நவம்பரில் வருகிறவர்கள் வெறும் தண்ணீர்ப் பரப்பையும் கீற்றால் மூடிய குவியல்களையும்தான் பார்ப்பார்கள்.

பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே அலைய வேண்டாம். அந்த நேரத்தைப் பனிமய மாதா பேராலயத்தின் குளிர்ந்த உட்புறத்தில் கழிக்கலாம்: 1713-இல் கட்டப்பட்ட இக்கோயிலுக்கு 1982-இல் பேராலயத் தகுதி கிடைத்தது. பரதவ மக்களின் வாழ்வோடு பின்னிய இடமாதலால், செருப்பையும் கைபேசிச் சத்தத்தையும் கவனித்துக்கொள்வது நல்லது. பாகம்பிரியாள் உடனுறை சங்கரராமேசுவரர் கோயிலுக்கு நடை திறக்கும் மாலை வேளையே பொருத்தம். மாலையில் பழைய துறைமுகப் பக்கம் சென்றால், மாலத்தீவுக்கு வெங்காயமும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்லும் மரத்தோணிகளைக் காணலாம். 1906-இல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இந்தக் கரையிலிருந்துதான். பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 2011-இல்.

விசைப்படகுகள் விடியுமுன் போய் இரவில் கரை திரும்புவதால், மீன் ஏலத்தைப் பார்க்க இரவு நேரமே உகந்தது. சென்னைக்காரர்கள் பெயரில் ஏமாறக்கூடும்: அங்கே வஞ்சிரம் என்பது இங்கே சீலா, அங்கே சீலா என்பது இங்கே ஊளி. அதன் பிறகு பரோட்டா. பழைய ஆட்கள் பரோட்டாக் கடையை இன்றும் ‘நைட் கிளப்’ என்றுதான் சொல்கிறார்கள். முதன்முறை கேட்ட என் மாமனார் முகம் சுளித்ததும், பிறகு அங்கேயே நான்கு பரோட்டா சாப்பிட்டதும் எங்கள் வீட்டில் நீண்டகாலக் கேலி.

ஊருக்கு எடுத்துப்போக மக்ரூன். முந்திரிப்பருப்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகிய மூன்று மட்டுமே சேர்ந்த கூம்பு வடிவப் பண்டம் அது. வாயில் வைத்ததும் ஓடு நொறுங்க வேண்டும், உள்ளே சற்றுப் பிசுபிசுப்பு இருக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் நமத்துப் போகும். எனவே புறப்படும் நாளிலேயே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மேலே எதையும் வைக்காமல் கையில் கொண்டுபோங்கள்.

இனி குடியேறுகிறவர்களுக்கு. துறைமுகம், உரம், மின்சாரம், உப்பு, மீன் ஏற்றுமதி என்று வேலைக்கு வழியுள்ள ஊர் இது, அதற்கேற்ற லாரிப் போக்குவரத்தும் உண்டு. அரை மணி நேரத்தில் ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடந்துவிடலாம் என்பதையே நான் இதன் மிகப்பெரிய வசதியாகக் கருதுகிறேன். திருநெல்வேலி 50 கிலோமீட்டர், திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். விடுமுறைக்குப் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் மணப்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வீடு தேடும்போது, கிழக்குக் காற்று வரும் சன்னல்களுக்கு முதலிடம் கொடுங்கள்; மாலையில் கடற்காற்று நுழையும் வீட்டுக்கும் நுழையாத வீட்டுக்கும் மின்கட்டணத்திலேயே வித்தியாசம் தெரியும். மேற்குச் சுவரில் படுக்கையறை இருந்தால் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். நல்ல தண்ணீர் வல்லநாட்டிலிருந்து, அதாவது தாமிரபரணியிலிருந்து, குழாயில் வருவது. ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று கேட்ட பிறகே வாடகை பேச வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். நான் குடிவந்த முதல் ஆண்டில் மொட்டைமாடியில் நிறுத்தியிருந்த மிதிவண்டியின் சங்கிலி ஆறே மாதத்தில் ஒரே கட்டியாக இறுகிப்போனது. சன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசுவதையும், குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுவதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஊர்தானே என்று மழையை மறந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; ஓராண்டின் சராசரியைவிட அதிகம். தட்டையான, தாழ்ந்த ஊராதலால் தூத்துக்குடியின் பல தெருக்களில் தண்ணீர் நாட்கணக்கில் வடியவில்லை. தரகர் ஒருவர் என்னிடம் “இங்க தண்ணியே நிக்காது சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுச் சுற்றுச்சுவரில் முழங்காலுக்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு நேராக ஓடியது. ஆகவே வீட்டைத் தரகரோடு ஒருமுறை பார்த்தால், மறுமுறை தனியாகப் போய், பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அந்த டிசம்பரில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேளுங்கள். அவர் படியைத் தொட்டே காட்டுவார்.