மிட்டாக்-லெஃப்ளர் சார்பு: கையால் கணக்கிட்டுப் பார்ப்போம்

அடுக்குக்குறிச் சார்பின் தொடர் நமக்குத் தெரியும்: 1 + ய + ய²/2! + ய³/3! + … ய எந்தக் கலப்பெண்ணாக இருந்தாலும் இந்தத் தொடர் ஒருங்கும், அதாவது தொகை ஒரு குறிப்பிட்ட மதிப்பில் போய் அடங்கும். பின்னத்தின் பகுதியில் (கீழே) இருக்கும் காரணீயங்கள்தான் (3! = 3×2×1 போன்றவை) காரணம். ய-யின் அடுக்குகள் எவ்வளவு பெருகினாலும் அவை முந்திவிடும். இன்று அந்தக் காரணீயத்தில்தான் கைவைக்கப் போகிறோம்.

படி 1: ய-யின் அடுக்கு ந என்றால் அந்த உறுப்பின் பகுதி ந!. அதைக் காமா(ந+1) என்று எழுதுங்கள். காமா சார்பு என்பது காரணீயத்தின் நீட்சி; பின்னங்களுக்கும் மதிப்பு தரும். இரண்டு விதிகள் போதும்: காமா(1/2) = √பை, காமா(ய+1) = ய × காமா(ய).

படி 2: ந-ஆவது உறுப்பின் பகுதியைக் காமா(அந+1) என்று மாற்றுங்கள். அ ஒரு நேர் எண். 1903-ல் ஸ்வீடன் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்ளர் அறிமுகப்படுத்திய சார்பு இதுதான். அ = 1 என்றால் பழைய அடுக்குக்குறிச் சார்பே திரும்ப வரும். அ = 2 என்று வைத்து, ய இருக்கும் இடத்தில் −ய² போடுங்கள். கொசைன் வந்து நிற்கும்! எழுதிப் பாருங்கள், அவ்வளவு அழகு.

படி 3: அ = 1/2, ய = −1. உறுப்புகள்: 1, −1.1284, 1, −0.7523, 0.5, −0.3009, 0.1667… வரிசையாகக் கூட்டினால் 1, −0.128, 0.872, 0.119, 0.619, 0.318, 0.485 என்று தொகை மேலும் கீழும் துள்ளும். பயப்பட வேண்டாம், துள்ளல் குறைந்துகொண்டே வந்து 0.4276-ல் அடங்கும். அடுக்குக்குறிச் சார்பு இதே −1-ல் 0.3679 தரும். பெரிய வேறுபாடு இல்லை.

படி 4: ய = −10. இங்கே கவனம் வேண்டும். தொடரை அப்படியே நிரலில் போட்டால் விடை குப்பையாகத்தான் வரும். 200-ஆவது அடுக்கின் உறுப்பை மட்டும் பாருங்கள்: 10²⁰⁰/100!, அதாவது 10⁴²-ஐயும் தாண்டுகிறது. உண்மையான விடையோ 0.0561. இவ்வளவு பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்போது, 16 இலக்கத் துல்லியத்தில் எதுவும் மிஞ்சாது.

அப்புறம் என்ன வழி? அ = 1/2-க்கு, எதிர்த்திசையில் தொலைவில் சார்பு ஏறத்தாழ 1/(√பை × |ய|) போல நடந்துகொள்ளும். −10-ல் அது 0.0564. அதிலிருந்து 200-ல் ஒரு பங்கைக் கழித்தால் 0.0561 கிடைத்துவிடும். அடுக்குக்குறிச் சார்பு அங்கே 0.000045-க்கு இறங்கிவிட்டது. இந்த மெதுவான தேய்வுதான் இந்தச் சார்பின் உயிர். பழைய நிலையின் தடம் சீக்கிரம் மறையாத பொருள்களை, குறிப்பாகப் பாகுத்தன்மையும் மீள்தன்மையும் கலந்தவற்றை, பின்ன வகைக்கெழுச் சமன்பாடுகளால் (வகையிடலின் வரிசை 1/2 போன்ற பின்னமாக இருப்பவை) விவரிக்கும்போது தீர்வாக வந்து நிற்பது இதுவே.