யார் பேசவில்லை என்று பார்த்துப் படியுங்கள்: கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் வளர்ச்சியை வாசித்தறியும் முறை

துன்பியல் நாடகம் எப்படித் தோன்றி வளர்ந்தது என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் ஓர் இலக்கிய வரலாற்று நூலில் தொடங்கி, ‘ஆட்டுப் பாடல்’ என்று பொருள்படும் ‘டிராகோடியா’ என்ற சொல்லின் மூலத்தைப் பற்றிய விவாதத்திலேயே தங்கிவிடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது வேறு வழி. ஐந்து நாடகங்களை எடுத்துக்கொண்டு, கையில் பென்சிலுடன் அமர்ந்து, ஒவ்வொரு காட்சியிலும் யார் பேசுகிறார், யார் மேடையில் இருந்தும் பேசாமல் நிற்கிறார் என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள். வடிவம் வளர்ந்த விதம் அந்தக் குறிப்புகளிலேயே தெரிந்துவிடும்.

வரி எண்கள் கொடுக்கப்பட்ட மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ‘நுழைகிறார்’, ‘வெளியேறுகிறார்’ போன்ற மேடைக் குறிப்புகளை முழுதும் நம்ப வேண்டாம். பழைய கையெழுத்துப் படிகளில் அவை அநேகமாக இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் உரையாடலிலிருந்து ஊகித்துச் சேர்த்தவையே மிகுதி.

படிக்கத் தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய பின்னணி சிறியதுதான். ஏதென்ஸ் நகரில் டயோனிசஸ் கடவுளுக்கு இளவேனிலில் எடுக்கப்பட்ட விழாவில், மூன்று கவிஞர்கள் தலைக்கு மூன்று துன்பியல் நாடகங்களும் ‘சாட்டிர்’ எனப்படும் ஒரு நகைச்சுவை நாடகமும் படைத்துப் போட்டியிட்டார்கள். அந்தக் கடவுளைப் பாடிய குழுப் பாடல்களை முன்னின்று நடத்தியவர்களிடமிருந்தே துன்பியல் தோன்றியது என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. கி.மு. 534-ஐ ஒட்டி, தெஸ்பிஸ் என்பவர் குழுவிலிருந்து தனித்து நின்று பேசும் ஒரு நடிகரைக் கொண்டுவந்தார் என்பது மரபு. இரண்டாவது நடிகரை ஏஸ்கிலஸும் மூன்றாவது நடிகரை சோஃபோக்ளிஸும் சேர்த்தார்கள் என்று அரிஸ்டாட்டில் குறிக்கிறார். நடிகர் அனைவரும் ஆண்கள். முகமூடியை மாற்றிக்கொண்டு ஒருவரே பல பாத்திரங்களை ஏற்றார்கள். கோரஸ் எனப்படும் பாடற்குழுவை நம் கூத்தின் கட்டியங்காரனோடு ஒப்பிடும் வழக்கம் உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்வேன். கோரஸ் கதையை அறிமுகம் செய்யும் வெளியாள் அல்ல. அந்த ஊரின் முதியோராகவோ பெண்களாகவோ கதைக்குள் வாழ்ந்து அஞ்சும் கூட்டம் அது.

முதலில் ஏஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்தைப் படியுங்கள். கி.மு. 472-இல் அரங்கேறிய இதுவே நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள துன்பியல் நாடகங்களில் மிகப் பழையது. எட்டு ஆண்டுகளுக்கு முன் சலாமிஸ் கடற்போரில் தோற்ற பாரசீகரின் அரண்மனையில், வென்ற ஏதென்ஸ் மக்களின் முன்னிலையில், தோற்றவர் துயரைப் பாடுகிறது நாடகம். தூதன் ஓடிவந்து படை அழிந்ததைச் சொல்லும்போது, அந்தப் படையை நடத்திச் சென்ற மன்னன் செர்க்சஸின் தாயான அரசி அங்கேயே நிற்கிறாள். ஆயினும் சுமார் நாற்பது வரிகள் வரை தூதனும் கோரஸுமே மாறி மாறிப் புலம்புகிறார்கள். அதன் பிறகே, துயரத்தால் அடிபட்டு இவ்வளவு நேரம் பேச்சற்று நின்றேன் என்று அவள் வாய் திறக்கிறாள். இந்த இடத்தைக் கோடிட்டு வையுங்கள். இரண்டு நடிகர்கள் இருந்தும் காட்சி இன்னும் ஒரு நடிகரும் கோரஸும் பேசிய பழைய பழக்கத்தில்தான் நடக்கிறது. அந்தப் பழக்கத்தையே ஒரு தாயின் திகைப்பாக மாற்றிக்கொண்டது ஏஸ்கிலஸின் மேதைமை என்று நான் கருதுகிறேன்.

அடுத்து, கி.மு. 458-இல் அரங்கேறிய, ஏஸ்கிலஸின் ‘ஒரெஸ்டியா’ முத்தொகுதியின் முதல் இரண்டு நாடகங்களுக்கு வாருங்கள். ‘அகமெம்னான்’ நாடகத்தில் வெற்றியோடு திரும்பும் மன்னனின் தேரில், சிறைப்பட்ட டிராய் இளவரசி கஸாண்ட்ரா வருகிறாள். அவள் ஏறத்தாழ 290 வரிகள் வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை. உள்ளே வா என்று மன்னனின் மனைவி கிளைட்டெம்நெஸ்ட்ரா கட்டளையிட்டும் பதில் இல்லை. பேசாத துணைப் பாத்திரங்கள் மேடைக்கு வழக்கமானவை என்பதால், இவளையும் அப்படி ஒருத்தி என்றே பார்வையாளர் நினைத்திருக்கக்கூடும். அரசி சினந்து உள்ளே போன பிறகுதான் கஸாண்ட்ராவிடமிருந்து அப்போலோ கடவுளை அழைக்கும் அலறல் எழுகிறது. மூன்றாவது நடிகர் இருப்பதை மறைத்து வைத்து வெளிப்படுத்தும் முறை இது. பின்னர் மன்னனின் மரண ஓலம் கேட்டதும், கோரஸின் முதியோர் ஆளுக்கு இரண்டு வரியாகப் பன்னிரண்டு முறை பேசித் தயங்குவதை எண்ணிப் பாருங்கள். அக்காலக் கோரஸில் பன்னிருவர் இருந்தார்கள் என்பதற்கு இந்த இடம் சான்றாகக் காட்டப்படுகிறது. இரண்டாம் நாடகத்தில், கொல்லப்பட்ட மன்னனின் மகன் ஒரெஸ்டிஸின் நண்பன் பைலடிஸ் தொடக்கம் முதல் வாய் திறக்காமல் உடன் வருகிறான். தந்தையைக் கொன்றதற்காகப் பெற்ற தாயைக் கொல்ல வாளோங்கிய ஒரெஸ்டிஸ் தயங்கி, என்ன செய்வேன் என்று கேட்கும்போது, அப்போலோவின் வாக்கை நினைவூட்டி மூன்றே வரிகள் பேசுகிறான். அதன்பின் அவன் பேசுவதே இல்லை.

யூரிப்பிடிஸின் ‘மெடியா’ கி.மு. 431-இல் போட்டியில் கடைசியாக மூன்றாம் இடத்தையே பெற்றது. இதில் கோரஸின் மௌனத்தைக் கவனியுங்கள். தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்கப்போவதைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்ற மெடியாவின் வேண்டுகோளுக்கு ஆரம்பத்திலேயே இணங்கிவிடும் கொரிந்துப் பெண்கள், வீட்டுக்குள்ளிருந்து, தாயின் கையில் சாகும் குழந்தைகள் கதறும்போது உள்ளே செல்லலாமா என்று கேட்டுக்கொண்டு வெளியிலேயே நிற்கிறார்கள். பிற்காலத்தில் கோரஸின் பாடல்கள் கதையோடு ஒட்டாத இடைப்பாடல்களாகிவிட்டன என்றும், அகதான் என்ற கவிஞர் அதைத் தொடங்கிவைத்தார் என்றும் அரிஸ்டாட்டில் குறைபட்டுக்கொண்டார்.

சோஃபோக்ளிஸின் ‘ஈடிப்பஸ் மன்னன்’ நாடகத்தை இறுதிக்கு வைத்துக்கொண்டு, மூன்று பேராகப் பாத்திரங்களைப் பிரித்து உரக்கப் படியுங்கள். கோரஸின் பகுதிகளை நான்காவது ஆள் படிக்கலாம். கொரிந்திலிருந்து நல்ல செய்தியோடு வந்த முதியவன், கணுக்கால்கள் துளைக்கப்பட்ட குழந்தையை முந்தைய மன்னன் லாயஸின் மேய்ப்பன் ஒருவனிடமிருந்து தான் வாங்கியதை ஈடிப்பஸிடம் விவரிக்கிறான்; அந்தக் குழந்தையே ஈடிப்பஸ். இருவரும் பேசிக்கொண்டே போக, அருகில் நிற்கும் ஈடிப்பஸின் மனைவி ஜொகாஸ்டா ஒன்றும் சொல்வதில்லை. இவ்விடத்தில் ஜொகாஸ்டாவைப் படிப்பவர் காகிதத்தைத் தாழ்த்திவிட்டு மற்ற இருவரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தன் கணவன் தன் மகனே என்பது அந்த வரிகளுக்குள் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்கு மேல் கேட்காதே என்று மன்றாடிவிட்டு அவள் உள்ளே போகிறாள். ஒரு சிறு பாடல் முடிந்ததும் அந்த மேய்ப்பன் அழைத்துவரப்படுகிறான்; ஈடிப்பஸும் கொரிந்து முதியவனும் இன்னும் மேடையிலேயே இருக்கிறார்கள். ஆகவே மேய்ப்பனின் முகமூடியை அணிந்து வந்து, குழந்தையைத் தன் கையில் கொடுத்தவள் ஜொகாஸ்டாவே என்று சொல்பவர், சற்று முன் ஜொகாஸ்டாவாக வெளியேறிய அதே நடிகர்தான்.