ஹீமோகுளோபின் சரி, களைப்பு மட்டும் போகவில்லை

எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தும், காலை பத்து மணிக்கே ஒரே வரியை மூன்று முறை படிக்கும் அளவுக்குக் களைப்பு நான்கு மாதங்களாக என்னை விடவில்லை. தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி மூன்றும் சரியாக இருந்தன, ஹீமோகுளோபின் 12.3 என்பதால் இரத்தச்சோகையும் இல்லை என்றார்கள். காபியை இரண்டு வேளையிலிருந்து நான்காக்கியதில் இரவுத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

துப்புக் கொடுத்தவை வேறு. படுத்தவுடன் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். பகலில் ஐஸ் கட்டிகளை மென்றுகொண்டிருப்பேன். காய்ச்சலுக்காகச் சென்றபோது இவற்றைப் போகிற போக்கில் சொன்னேன். மருத்துவர் உடனே, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையை எழுதினார். முடிவு 8. நலமாயிருக்கும் பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனாலே இரும்புக் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும் என்றும், மூளையில் உடல் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் உருவாக உதவும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இரும்பில்லாமல் இயங்காது என்றும் அவர் விளக்கினார். இரும்பை இழக்கச் செய்த மிகுதியான மாதவிடாய்ப் போக்குக்கும் தனியே சிகிச்சை தொடங்கியது.

ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு மாத்திரை எடுத்தும் மூன்று வாரங்கள் பலனில்லை. காலைக் காபியுடனேயே அதை விழுங்கிவந்தேன். காபியும் தேநீரும் இரும்பு உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கும். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றுடன் மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்தே காபி என்று மாற்றிய பின், முதலில் ஐஸ் ஆசை நின்றது, பிறகு கால்கள் அடங்கின, மூன்றாம் மாதத்தில் களைப்பு விலகியது. அப்போது ஃபெரிட்டின் 41.