பணியிட மரணம்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

சாரம் சரிந்து கொத்தனார் இறந்த மூன்றாம் நாள், காரியம்கூட முடிந்திருக்காது. முதலாளியின் ஆள் முத்திரைத்தாளோடு வாசலில் வந்து நிற்பார். "இரண்டு லட்சம் இருக்கிறதம்மா. இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்" என்பார். "வந்ததை விடாதே" என்று உறவினர்களும் சொல்வார்கள். குடும்பம் ஏமாறுவது பெரும்பாலும் அந்த வாசலில்தான்.

இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்திடம் நேரில் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள முடியாது. அரசு நியமித்த இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். பங்கிட்டுக் கொடுப்பவர் அவர்தான். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகத் தரலாம், அவ்வளவே. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிய தாள் செல்லாது. ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலுள்ள இந்த ஏற்பாடுகளை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது.

அடுத்த பெரிய இழப்பு சம்பளக் கணக்கில். மாதச் சம்பளத்தின் பாதியை, வயதுக்கு ஏற்ற ஒரு காரணியால் பெருக்குவார்கள். முப்பது வயதுக்குக் காரணி 207.98. 2020 ஜனவரி முதல் கணக்கில் கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு இழப்பீடு 15,59,850 ரூபாய். அதே ஆளின் சம்பளம் 9,000 என்று எழுதப்பட்டால் 9,35,910 ரூபாய்தான். ஆறு லட்சத்துக்கும் மேல் போய்விடுகிறது! முதலாளி காட்டும் பதிவேட்டை அப்படியே ஏற்காதீர்கள். வங்கிக் கணக்குப் புத்தகம், கூலி குறித்த நோட்டு, உடன் வேலை பார்த்தவர்களின் சாட்சியம் எல்லாவற்றையும் திரட்டுங்கள். வயதுச் சான்றும் தவறாமல் வேண்டும்.

"குடித்திருந்தார், ஹெல்மெட் போடவில்லை, ஒன்றும் கிடைக்காது" என்று மிரட்டுவார்கள். அந்த வாதம் காயங்களுக்குத்தான். உயிர் போய்விட்டால் அதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. விபத்து வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்தது என்பதே நிரூபிக்கப்பட வேண்டியது. அதனால்தான் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்கிறேன். வேலை நேரத்தில் நெஞ்சுவலியால் இறந்தவருக்கு அந்த அறிக்கைதான் உயிர்நாடி. உடலை வெட்டுவதா என்ற வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் எரித்தபின் தேட எதுவும் மிஞ்சாது.

மேஸ்திரி ஓடிவிட்டாலும் வழி அடைபடாது; அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனமும் பொறுப்பாளிதான். முதலமைச்சரின் நிவாரண நிதி வந்துவிட்டதே என்று இருந்துவிடுவதும் தவறு. அது அரசின் உதவி, முதலாளியின் கடன் தனியாக நிற்கிறது.

இறந்தவருக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்ததா என்று முதலிலேயே பாருங்கள். இருந்தால் ஆணையரிடம் போகும் வழி கிடையாது, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம்தான். அங்கே சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் வரும். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. கூட்டினால் முழுத்தொகையை மிஞ்சும்போது விகிதப்படி குறைப்பார்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையரிடம் மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த ஊருக்கே போக வேண்டியதில்லை. திருப்பூரில் இறந்த பீகார் தொழிலாளியின் மனைவி, தான் வாழும் மாவட்டத்துக்குரிய ஆணையரிடமே மனுக் கொடுக்கலாம்.