மரப் புத்தகங்கள் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதலில் ஒரு மரத்தைப் பிடியுங்கள்

காடு, மரம் பற்றி நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் ஒரு பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். வாங்கிக்கொண்டு போனவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு பக்கமும் புரட்டவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களை என்ன சொல்ல, நானும் முதலில் அப்படித்தான் விழுந்தேன். ஜெர்மன் வனத்துறைக்காரர் பீட்டர் வோலேபன் 2015இல் எழுதிய, மரங்களின் மறைவான வாழ்க்கையைப் பற்றிய புத்தகம் ஆங்கிலத்தில் கிடைத்தது. எல்லாரும் புகழ்ந்த புத்தகம்தான். ஆனால் பீச், ஓக், ஸ்ப்ரூஸ் என்று குளிர்நாட்டு மரங்களாக வந்துகொண்டே இருந்தது, ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை, திருகோணமலை நிலாவெளி வீதியில் வேர்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு பீச் மர நிழல் எங்கிருந்து வரும்? அறுபதாம் பக்கத்தில் நித்திரையாகிவிட்டேன். நான் உள்ளே போன வாசல் பிழை, அவ்வளவுதான்.

அதனால் இங்கே பட்டியல் இல்லை, ஒரு வழி மட்டும் சொல்கிறேன். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு மரம்

புத்தகத்துக்கு முன் மரம். திருகோணமலையில் இருந்தால் இது ஒரு வேலையே இல்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆலமரங்கள் இருக்கின்றன, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழிதான். கடற்கரைப் பக்கம் புன்னை, கொஞ்சம் உள்ளே போனால் பாலை, வீரை, முதிரை. ஒன்றே ஒன்றைத் தெரிவுசெய்து வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் அதனடியில் இருந்து கண்டதைக் குறியுங்கள்: இலை நுனி கூரா மழுங்கலா, பட்டையைக் கீறினால் பால் வருகிறதா, என்ன குருவி வருகிறது. கோட்டைக்குள் இருந்து எழுதுவதானால் கொப்பியை மதிலில் வைத்துவிட்டு அங்காலே போகாதீர்கள். என்னுடைய கொப்பியில் இரண்டு தாளைப் புள்ளிமான் தின்றுவிட்டது.

நான் பிடித்தது எங்கள் ஒழுங்கை முடிவில் வெட்டாமல் விட்ட ஒரு பாலை.

படி 2: ஒரே ஒரு பாட்டு

எடுத்தவுடன் முந்நூறு பக்கம் வேண்டாம். நற்றிணையில் 172ஆம் பாட்டை உரையோடு வாசியுங்கள், பத்து நிமிடம்கூட எடுக்காது. சிறுமிகள் விளையாட்டாக வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்தி மறைத்துவிட்டு மறந்துபோகிறார்கள், அது முளைத்துவிடுகிறது, நெய்யும் பாலும் விட்டு வளர்க்கிறார்கள். இது உங்களைவிட நல்லவள், உங்கள் சகோதரி என்று தாய் சொல்லிவைத்ததால், வளர்ந்த பிறகு அந்த மர நிழலில் காதலனோடு சிரித்துப் பேசப் பெண்ணுக்கு வெட்கம். உப்புவெளியில் காலில் இடறுகிற அந்த உருண்டைக் கொட்டையை இதற்குப் பிறகு சும்மா தட்டிவிட்டுப் போக முடிகிறதா என்று பாருங்கள்.

படி 3: பெயரை நம்பாதீர்கள்

இதில்தான் தொடக்க வாசகர்கள் கூடுதலாக வழுக்குவார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாலை என்றால் எங்களுக்கு என்ன? மஞ்சள் நிறத்தில் சின்னப் பழம், தேன் போல இனிக்கும், நாலு பழம் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இந்த நினைப்போடு சங்க இலக்கியத்தில் பாலைத் திணைக்குள் போனால் ஒன்றும் பொருந்தாது, அங்கே வெயிலும் வறட்சியும் பிரிவும்தான். அந்தத் திணைக்குப் பெயர் கொடுத்த மரம் வெட்பாலை என்று பலர் சொல்கிறார்கள், அது வேறு குடும்பம். எங்கள் பாலையைத் தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்பார்கள், சிங்களத்தில் பலு. போதாததற்கு ஏழிலைப்பாலை என்று இன்னொன்றும் இருக்கிறது. பால் வடிகிற மரத்தையெல்லாம் பாலை என்று கூப்பிட்டிருக்கிறார்கள் போல!

ஆகவே கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் மரத்தின் ஊர்ப்பெயர், சிங்களப் பெயர், தாவரவியல் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள். தாவரவியல் பெயர் மாறாது என்றும் நினைக்கவேண்டாம். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹென்றி டிரிமன் தொடங்கி 1893 முதல் 1900 வரை ஐந்து பாகமாக வந்த இலங்கைத் தாவரக் கைநூலில் பாலைக்கு மிமுசொப்ஸ் ஹெக்சாண்ட்ரா என்று இருக்கும், இப்போது மனில்காரா ஹெக்சாண்ட்ரா. அந்தக் கைநூலில் தமிழ்ப் பெயர்களும் உண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதையும் வாசிக்க யாரும் சொல்லவில்லை, உங்கள் மரத்தின் அரைப் பக்கம் போதும். ஆசை வந்தால் சமண்டலை என்ற மரத்தையும் தேடுங்கள். பழைய ஆங்கில நூல்களில் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர், சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டி ஆட்களை ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்கு அந்தப் பலகையைப் பாவித்திருக்கிறார்கள்.

படி 4: கதையா, உண்மையா?

கொப்பியில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ‘கதை’, வலப்பக்கம் ‘சரிபார்த்தது’. இப்போது பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோ 1953இல் எழுதிய, மரம் நட்ட மனிதனின் கதையை வாசியுங்கள், ஒரே இருப்பில் முடியும். மொட்டை மலையில் தனியாக இருக்கிற ஒரு ஆட்டிடையன் இரவில் மேசையில் ஓக் விதைகளைக் கொட்டி, வெடித்ததையும் சின்னதையும் ஒதுக்கி, நல்லதாக நூறு எண்ணி எடுத்துவைத்துவிட்டுப் படுக்கப் போவான். மூன்று வருடத்தில் ஒரு லட்சம் நட்டேன், இருபதாயிரம் முளைத்தது, அதிலும் பாதி போய்விடும் என்று கணக்கும் சொல்வான். இவ்வளவு துல்லியமாகச் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? உலகமே நம்பியது. உண்மையான ஆள் ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்ட அமெரிக்கச் சஞ்சிகை, அப்படி ஒருவர் இல்லை என்று கண்டு கதையைத் திருப்பிவிட்டது. 1957இல் ஜியோனோவே ஒரு கடிதத்தில், அது கற்பனை ஆள், மரத்தில் ஆட்களுக்குப் பிரியம் வரவேண்டும் என்றுதான் எழுதினேன் என்று சொன்னார். கதை அதனால் கெட்டுப்போகவில்லை. இடப்பக்கத்தில் எழுதவேண்டியதை வலப்பக்கத்தில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

படி 5: நாவல்

மாரி மழை தொடங்கி வெளியே போகமுடியாத நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, 1973. தண்ணிமுறிப்புப் பக்கக் காடு, எங்களுக்கு வடக்கே பக்கத்து மாவட்டம், பேச்சும் பழக்கமானது. ஈழத்துப் பழைய புத்தகங்களை ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம், அங்கே ஒருமுறை தேடிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அதற்குப் பிறகு இரண்டை ஒன்றுக்குப்பின் ஒன்றாக வாசிக்கச் சொல்வேன். ஒன்று லெனார்ட் வூல்ஃப், அம்பாந்தோட்டையில் அரசாங்க உத்தியோகம் பார்த்துவிட்டுப் போய் 1913இல் ஆங்கிலத்தில் எழுதிய காட்டுக் கிராமத்து நாவல். மற்றது விபூதிபூஷண் பந்தோபாத்யாய வங்காளத்தில் எழுதி, த.நா. சேனாபதி தமிழில் ‘வனவாசி’ என்று தந்தது. வூல்ஃபின் கதையில் காடு வந்து கிராமத்தை விழுங்கும், ‘வனவாசி’யில் காட்டை நேசிக்கிற மனிதனே அதைத் துண்டு துண்டாகக் குத்தகைக்குக் கொடுத்து முடிப்பான். எனக்கு இரண்டாவதுதான் கூடுதலாக வலித்தது.

படி 6: இப்போது விஞ்ஞானம்

சுசான் சிமார்ட் என்ற கனேடிய ஆய்வாளரின் பெயர் அடிக்கடி வரும். பேர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபேர் மரத்துக்கும் இடையில் கார்பன் போய்வருகிறது என்று அடையாளமிட்ட கார்பனை வைத்துக் காட்டி 1997இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை எழுதினார்கள். மரங்கள் பூஞ்சண இழை வழியாகக் கதைக்கின்றன, தாய்மரம் பிள்ளைக்கு ஊட்டுகிறது என்கிற பேச்செல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியதுதான். 2023இல் இதே துறையில் வேலை செய்த மூன்று பேர் சான்றுகளை மறுபடி அலசி, பொதுவெளியில் சொல்லப்படுகிற அளவுக்கு இயற்கைக் காட்டில் நிரூபணம் இல்லை என்று எழுதினார்கள். ஆகவே இதில் ஒரு புத்தகத்தை வாசித்தால் அதற்கு எதிர்ப்பேச்சையும் தேடி வாசியுங்கள், வலப்பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

வோலேபனை நான் திரும்ப எடுத்தது இந்த இடத்தில்தான். இந்தத் தடவை நித்திரை வரவில்லை. பீச் என்று வருகிற இடங்களில் ஓரத்தில் பாலை என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டே போனேன். தாய்மரம் நிழல் போட்டுக் கன்றுகளை மெதுவாக வளரவைக்கிறது என்று ஒரு இடத்தில் சொல்கிறார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்று பின்னேரமே ஒழுங்கை முடிவுக்குப் போய்க் குந்தியிருந்து தேடினேன். மூன்று கன்று இருந்தது. ஒன்றை ஆடு கடித்திருந்தது.